யார் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள்

1

போன வாரம் ஆஸ்திரேலிய அரசாங்கம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. “உங்கள் உறவைப் பற்றி யார் யாருக்குத் தெரியும்?”

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரை இங்கே வரவழைப்பதற்கான விசா படிவம் அது. கேள்விக்குக் கீழே நீளமாகக் காலி இடம் விட்டிருக்கிறார்கள். பெயர், ஊர், என்ன உறவு, எப்போதிலிருந்து தெரியும் என்று எழுத வேண்டும். தெரிந்தவர்களில் ஒருவர் தன் கைப்பட ஒரு கடிதமும் எழுதித் தர வேண்டும். இந்தப் படிவம் இரண்டு வருஷத்துக்கு முன் என் கைக்கு வந்திருந்தால், “யாருக்கும் தெரியாது, நீங்களும் தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள்” என்று அந்த அதிகாரிக்கே கடிதம் எழுதியிருப்பேன்.

என் பெயர் தனசேகர். வயது ஐம்பத்தொன்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவன், பதினாறு வருஷமாக குயின்ஸ்லாந்தில் அதே பாகைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்தும் கரும்பு என்னை விடவில்லை. விவாகரத்தாகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் காவ்யா பிரிஸ்பேனில் நர்ஸாக இருக்கிறாள். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் ரோகிணி. நம் ஊர்தான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் குட்டி யானை ஓட்டுகிறார். யானை என்றால் தும்பிக்கை வைத்தது இல்லை, நாலு சக்கர லோடு வண்டி. ரோகிணி திருநங்கை.

எனக்கு அவர் முதல் பதில் போட்டு இந்த வாரத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2

பழைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்கலாம். இருபது வயதில் சிநேகிதர்களோடு கூவாகம் திருவிழாவுக்குப் போவேன். நம் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் போவார்கள். எதற்குப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் நின்று திருநங்கைகளைக் கிண்டல் செய்வதற்கு. அங்கே ஒருத்தரைப் பார்த்து என் நெஞ்சு நின்றுபோனது. அதே நொடியில் பக்கத்தில் நின்றவன் என்னவோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது சிரிக்கிற என் வாய்தான். அப்புறம் எனக்குக் கல்யாணம், பிள்ளை, விமானம் எல்லாம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு மட்டும் அடிப்பிடித்த பாகு மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டு இருந்தது.

நாற்பத்தொன்பதாவது வயதில் இணையத்தில் ஓர் இடம் கண்ணில் பட்டது. தனியாக இருக்கும் திருநங்கைகளும் திருநம்பிகளும், அவர்களை விரும்புகிறவர்களும் மரியாதையாகப் பழகுவதற்கான தளம். உள்ளே நுழையும்போதே விதிமுறைகள் இருந்தன. உடம்பைப் பற்றிக் கேட்காதே. ஆபரேஷன் பற்றிக் கேட்காதே. பழைய பெயரைக் கேட்காதே. கேட்காமல் படம் அனுப்பாதே. பாய்லர் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே ‘ரசிகர்’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இந்த வயதில் நான் ரசிகர் மன்றமா வைக்க வந்தேன் என்று கூச்சமாக இருந்தது. இருந்தாலும் அந்தக் கட்டத்தில்தான் டிக் அடித்தேன்.

புகைப்படம் கேட்டார்கள். வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் ஃப்ரிட்ஜ் பக்கம்தான். அங்கே நின்று ஆலை ஹெல்மெட்டோடு, ஹெல்மெட் இல்லாமல், இடுப்பில் கை வைத்து, கை கட்டி என்று விதவிதமாக எடுத்துத் தள்ளினேன். எடுத்தது பழசாகிவிட்டது என்று காவ்யா எனக்குக் கொடுத்த டேப்லெட்டில். அதில் எடுக்கிற ஒவ்வொரு படமும் அவளுடைய போனுக்கும் தானாகப் போய்ச் சேரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கடமைக்கு, “சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிற மகள் அன்று உடனே கூப்பிட்டாள்.

“அப்பா, ஏன் ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு இவ்ளோ போட்டோ?”

“ஃப்ரிட்ஜ் ரிப்பேரும்மா. மெக்கானிக்குக்கு அனுப்பணும்.”

“ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னா நீ ஏன் சிரிக்கிற?”

எனக்குப் பொய் சொல்ல வரும். ஆனால் ஒரு பொய்தான் வரும், அதற்கு அடுத்தது வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருநங்கை என்ற சொல் அவளுக்குத் தெரியாதோ என்று இங்கிலீஷில் விளக்கப் போனேன். “தெரியும்ப்பா, நிறுத்து” என்றாள். இத்தோடு நம்மைத் தலைமுழுகிவிட்டாள் என்று உட்கார நாற்காலி தேடினேன்.

“அந்த ஹெல்மெட் போட்டோ வேண்டாம்” என்றாள். “வழுக்கையை மறைக்கிறன்னு பார்த்தவுடனே தெரியுது.”

அன்றிலிருந்து வாராவாரம் கூப்பிடுகிறாள். விலகிப் போய்க்கொண்டிருந்த மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த ஃப்ரிட்ஜ். அதற்கு இன்றைக்கும் நன்றியோடு வாரம் தவறாமல் துடைத்து வைக்கிறேன்.

3

தளத்தில் ரோகிணியின் விவரப் பக்கத்தில் ‘கள்ளக்குறிச்சி’ என்று ஊர்ப்பெயரைப் பார்த்ததும் முதலில் டேப்லெட்டை மூடினேன். உலகத்தில் இத்தனை நாடு இருக்க, நம் ஊர்க்காரியா? அக்கா வீடு பக்கத்து நைனார்பாளையத்தில் இருக்கிறது. சேதி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அப்புறம் திறந்தேன். மறுபடி மூடினேன். கடைசியில் “வணக்கம். நான் பாகு காய்ச்சுகிறவன்” என்று எழுதி அனுப்பினேன். இதற்கு ஒரு நாள் பூராவும் ஆயிற்று.

மறுநாள் அவர் குரலிலேயே பதில் வந்தது. “வணக்கம் சார். நான் கெழங்கு ஏத்தறவ. உங்களுக்குச் சக்கரை, எனக்கு மாவு. டாக்டரு ரெண்டையும்தான் கம்மி பண்ணச் சொல்றாரு.”

பிடித்துப்போய்விட்டது. கரும்பில் எவ்வளவு இனிப்பு என்று நான் பார்ப்பதைப் போல, கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது என்று ஆலையில் பார்ப்பார்களாம். அதை வைத்துத்தான் விலை. ஒரு மாதம் இப்படியே மாவும் சர்க்கரையுமாகப் பேசினோம். நோட்டில் இருந்த விதிமுறை ஒன்றையும் நான் மீறவில்லை. என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஒருநாள் பேச்சுவாக்கில், தான் பிறந்தது மணலூர்பேட்டைப் பக்கம் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். என் அம்மா வழிச் சொந்தம் அந்தப் பக்கம்தான். உடனே கேட்டேன்.

“அப்படியா! யார் வூடு நீங்க?”

நம் ஊர்க்காரர் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், அது சிங்கப்பூர் ரயிலாக இருந்தாலும் சரி, முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது எந்தத் தெரு, மூன்றாவது யார் வூடு. பாசமாகத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி, காணி எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும்.

லைன் கட்டானது. பதினோரு நாள் பதில் இல்லை.

நெட்வொர்க் பிரச்சினை என்று முதல் மூன்று நாள் நினைத்தேன். நாலாம் நாள் வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்திருக்குமோ என்று பயந்தேன். பதினோராம் நாள் என் வேலையையே கோட்டை விட்டேன். ஆலையில் பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்க வேண்டும், படிகம் எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று. நான் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பாகு சட்டையில் வழிந்தது. சட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பதினேழு வயதில் தன்னை வீட்டைவிட்டு அடித்துத் துரத்தினார்கள் என்று முன்பே சொல்லியிருந்த ஒருத்தர் ‘யார் வூடு’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? எந்த அப்பன் பெயரைச் சொல்வார்? பழைய பெயரைக் கேட்காதே என்ற விதியைப் பத்திரமாக நோட்டில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் கிடக்கிற வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறேன்.

குரலிலேயே மன்னிப்புக் கேட்டேன். நடுவில் வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் வேடிக்கை இல்லாமல் பேசிய மூன்று நிமிஷம் அது.

சாயங்காலம் பதில் வந்தது. “ஆபரேசன் ஆச்சான்னு கேக்கறவன ஒரே அமுக்குல பிளாக் பண்ணிடுவேன் சார். அது ஈஸி. நீ ஒறவுக்காரன் மாதிரி கேட்டுட்ட. பதிலு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சி. அதாங் கஷ்டமாயிடுச்சி.” கொஞ்சம் விட்டு இன்னொன்று வந்தது. “எங்கூடு நாலு சக்கரத்துல ஓடுது. அட்ரஸ் கேட்டா வண்டி நம்பரத்தாங் குடுக்கணும்.”

4

கரும்பு சீசன் முடிந்ததும் லீவு கேட்டேன். ஊரில் ஒரு பெண் பார்க்கப் போகிறேன் என்று ஆலை மேலதிகாரியிடம் சொன்னதும், ஐம்பது வயதில் இவ்வளவு தைரியமா என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு தைரியம் என்பது அவருக்குத் தெரியாது. சந்திக்கலாம் என்று ரோகிணியிடம் நான் சொன்ன இடம் கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலை. “இயற்கைக் காட்சி நல்லா இருக்கும்” என்றேன். இயற்கைக் காட்சிக்கு முக்கியமான காரணம், அங்கே என் சொந்தக்காரர் ஒருவரும் கிடையாது.

கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். சிவப்புப் புடவை, மேலே காக்கிச் சட்டை. நான் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, கையில் மல்லிகைப் பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஆப்பிளுமாகப் போய் நின்றேன். பெண்ணைப் பார்க்க வெறுங்கையோடு போக என் கால் வரவில்லை.

மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், கொரோனா போயி எம்மா வருசம் ஆவுது!”

“தூசி அலர்ஜிங்க.”

“மலையில ஏது தூசி? ஏறு வண்டில.”

அன்று முழுக்க அவர் வண்டியில் சுற்றினேன். வழியெல்லாம் “டிரைவரக்கா, டிரைவரக்கா” என்று கூப்பிட்டு ஆட்கள் நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் தினைக்களி போட்டார்கள். ஒரு கிழவர் என்னைக் காட்டி, “இது ஆரு?” என்று கேட்க, “ஆஸ்திரேலியால இருந்து கெழங்கு பாக்க வந்துகிறாரு” என்றார் ரோகிணி. கிழவர் என் கையில் ஒரு கிழங்கைக் கொடுத்து, “நல்லாப் பாரு” என்றார். சாயங்காலம் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். இத்தனை சிரித்த நாள் எனக்குப் பல வருஷமாக இல்லை.

இறங்கும்போது கோமுகி அணை தெரிகிற திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

“பூவும் பழமும் கொணாந்தியே, பொண்ணு பாக்கவா வந்த?”

“ஆமாங்க.”

“பொண்ணு பாக்கன்னா கூட நாலு பேரு வருவாங்களே. உங்கூட ஆரு வந்துகிறா?”

நான் கிழங்கைப் பார்த்தேன்.

“நான் ஆரு வூடுன்னு கேட்டியே அன்னைக்கி. இன்னைக்கி நாங் கேக்கறேன். உன் வூட்டு ஆளுங்க எங்க? பூவோட தனியா, மூஞ்ச மூடிக்கினு வர்ற ஆம்பளைங்கள நான் ஜாஸ்தி பாத்துட்டேன் சார். ரசிகனுங்களுக்குப் பஞ்சமே இல்ல. பகல்லதான் ஒருத்தனும் இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“நாளைக்கி மத்தியானம் ஒரு மணி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதுர்ல மெஸ்ஸு. எதுர் எதுர உக்காந்து ஒரு சாப்பாடு சாப்புடணும். மூஞ்சில எதுவும் மாட்டிக்கினு வராத. வர்லன்னா சண்ட போட மாட்டேன். உன் நம்பர எடுத்துடுவேன். அம்மாந்தான்.”

5

அந்த நேரத்தில் அந்த மெஸ்ஸில் யார் யார் இருக்கக்கூடும் என்று காலையில் கணக்கெடுத்தேன். கோர்ட்டுக்கு வந்தவர்கள், பத்திரம் பதிய வந்தவர்கள், என் பழைய ஆலைக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள். கள்ளக்குறிச்சியில் பகல் சாப்பாடு சாப்பிடாத ஆள்தான் பாக்கி. நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில்; வயிறு சரியில்லை, டவுனில் டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லிக் கிளம்பினேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு முறை இறங்கப் பார்த்தேன். இரண்டு முறையும் டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று உட்கார்ந்துவிட்டேன். என் வீரத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அவர் முன்னமே வந்து ஒரு மேசை பிடித்து நின்றிருந்தார். நான் சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்காரப் போனேன். “அது என் எடம். நீ ரோட்டப் பாத்து உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். சர்வர் எங்களைப் பார்த்தார், மற்ற மேசைகளைப் பார்த்த மாதிரியே. பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சுவிட வந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று அப்பளத்தை நொறுக்கினேன்.

வாசலில் என் மாமா நின்றார். அக்காவின் கணவர். கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றும் சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர். பம்ப்செட்டுக்கு ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்திருக்கிறார். மெஸ் முழுக்க ஆள். காலியாக இருந்த ஒரே நாற்காலி எங்கள் மேசையில்.

“இன்னா சேகரு, வயிறு செரியில்லன்னு அக்காகிட்ட சொன்னியாமே. இங்க வந்து உக்காந்துகினு இருக்கற?”

உட்கார்ந்தார். ரோகிணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாமா… இவங்க வந்து… மரவள்ளி… லோடு விசயமா…”

“மரவள்ளியா? உனக்கு ஏதுப்பா மரவள்ளி?”

ரோகிணி சாப்பிடுவதை நிறுத்தினார். இலையில் பாதிச் சோறு இருந்தது, ரசம்கூட இன்னும் வரவில்லை. அவர் இடது கை மெதுவாக இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தது. மடிக்கப் போகிறார். மடித்துவிட்டால் எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் என் போனில் அந்த எண் இருக்கும், அவர் இருக்க மாட்டார். இதெல்லாம் அந்த ஒரு கையில் எழுதியிருந்தது.

“மாமா, அது பொய்” என்றேன். பாய்லரில் அழுத்தம் கூடினால் ஒரு விசில் வருமே, அந்த மாதிரி வந்தது குரல். பக்கத்து மேசைகள் திரும்பின. “மரவள்ளி எதுவும் இல்ல. இவங்க பேரு ரோகிணி. எட்டு மாசமா பேசிக்கினு இருக்கோம். நான் இவங்களக் கட்டிக்கலாம்னு இருக்கேன்.”

“எனக்கே இப்பதாஞ் சொல்றாருங்க” என்றார் ரோகிணி. கை இன்னும் இலையின் மேல்தான் இருந்தது.

மாமா பேனாவைத் தொட்டுப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் பையில் பம்ப்செட் வாஷர் சலசலத்தது. அந்த நேரம் பார்த்து சர்வர் ரச வாளியோடு வந்து, மாமா பக்கம் கரண்டியை நீட்டினார்.

“எனக்கு இன்னும் எலையே போடலப்பா” என்றார் மாமா. “அவங்களுக்கு மொதல்ல ஊத்து.”

ரோகிணி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, சோற்றில் குழி பறித்தார். சூடான ரசம் அதில் விழுந்தது. என் ஆயுசில் அப்படி மணத்த ரசம் வேறு இல்லை.

பிறகு மாமா சாப்பிட்டு முடிக்கிற வரை கிழங்கு பாயிண்ட் பற்றியே பேசினார்கள் இரண்டு பேரும். என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கை கழுவும்போது மட்டும் மாமா என் காதருகில் வந்தார். “அக்காகிட்ட நீதாஞ் சொல்லணும். என்னக் கோத்து வுட்டுடாத. எனக்கு அந்த வூட்லதாஞ் சோறு.”

6

நானே சொன்னேன். அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ரோகிணியைப் பற்றிக் கேட்கும்போது பெயர் சொல்ல மாட்டாள், “அது” என்பாள். போன மாதம் ஒருமுறை “அவ” என்றாள். நானும் ரோகிணியும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போனில் கொண்டாடினோம்.

விசா படிவத்தில் இன்னொரு பக்கம் உண்டு. இதற்கு முன் வேறு பெயர்கள் இருந்திருந்தால் எழுதவும் என்று கேட்கிறது. கேட்கக்கூடாது என்று தளம் சொன்னதை அரசாங்கம் கட்டம் போட்டுக் கேட்கிறது. ரோகிணி திருநங்கை அடையாள அட்டை, அரசிதழில் வந்த பெயர் மாற்றம் எல்லாவற்றையும் அடுக்கி, அந்தப் பக்கத்தை மட்டும் தானே நிரப்பி நேராக அனுப்பிவிட்டார். நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. “அங்க வந்து நான் இன்னா ஓட்டறது?” என்று அவர் கேட்டதற்கு, கரும்பு ஏற்றுகிற ரயில் இருக்கிறது என்றேன். “ஆறு மாசம் பாப்பேன். புடிக்கலன்னா திரும்பிடுவேன். நீயும் கூட வரணும்” என்றார். சரி என்றேன். இதற்கு நான் பயப்படவே இல்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

‘யார் யாருக்குத் தெரியும்’ என்பதற்குக் கீழே காவ்யா பெயரை எழுதினேன். ஆலையில் ஒரு சிநேகிதர். வெள்ளிமலையில் களி போட்ட வீட்டுக்காரர்கள். அக்கா பெயரையும் பயந்துகொண்டே எழுதினேன். கைப்பட எழுதும் கடிதத்துக்கு மாமாவைக் கேட்டேன். இவர்களுடைய உறவு உண்மையானது என்று நீங்கள் நம்புவதற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டும். நேற்று அது போனில் படமாக வந்து சேர்ந்தது, கோடு போட்ட காகிதத்தில், கூட்டுறவு சங்கத்துக்கு மனு எழுதுகிற அதே கையெழுத்தில். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும் முன் உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, மேற்படி தனசேகர் என் மனைவியின் தம்பி. சிறு வயது முதல் பயந்த சுபாவம் உள்ளவன். நாய்க்குப் பயப்படுவான். என் மனைவிக்கு மிகவும் பயப்படுவான். மேற்படி ரோகிணி என்பவரை நான் முதன்முதலில் கள்ளக்குறிச்சியில் ஓர் உணவகத்தில் பகல் ஒரு மணி சுமாருக்கு இவனோடு பார்த்தேன். என்னைக் கண்டதும் இவன் பொய் சொன்னான். நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதற்கு முன் அதைப் பொய் என்று தானே ஒப்புக்கொண்டு, ஊரார் கேட்க உண்மையைச் சொன்னான். உணவகத்தின் வாசல் திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம். இவன் ஓடவில்லை. இவனை நாற்பது வருஷமாக அறிந்தவன் என்ற முறையில், இதற்கு மேல் ஒரு சாட்சியம் தேவையில்லை என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”